மிட்டாய்க்கும் 5, பற்பசைக்கும் 5!

மண்டகப்பட்டு! விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையிலே, பெயர்ப் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து கடந்துவிடும் சிற்றூர். ஆனால் அச்சிற்றூரின் பாறையிலே, ஏறத்தாழ 1400 ஆண்டுகட்கு முன்பு, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் ஒரு கோயிலைக் குடைவித்தான். குடைவித்ததோடு நின்றானா? செங்கல் கிடையாது, மரம் கிடையாது, உலோகம் கிடையாது, சுதை கிடையாது, இவை ஏதுமின்றி எழுந்த இடம் இது என்று கல்லிலே பொறித்தும் வைத்தான். நான்முகனுக்கும் சிவனுக்கும் திருமாலுக்கும் என்று அவன் எடுத்தான். அது அவன் நம்பிக்கை. நம் வணக்கம் உளி பிடித்த கைக்கு. அந்தக் கைக்கு உரியவனின் பெயர் கல்வெட்டிலே இல்லை. உழைத்தவன் பெயர் எந்தக் கல்வெட்டிலேதான் இருந்தது!

அந்தப் பாறையைக் கண்டுவிட்டுச் சாலைக்குத் திரும்பினோம். பள்ளி தொடங்கும் நேரம். பெட்டிக்கடை வாயிலிலே புத்தகப் பையோடு பிள்ளைகள். கடையிலே சரம் சரமாகத் தொங்குகின்றன வண்ண வண்ணப் பொட்டலங்கள்: ஜெல்லி, லாலிபாப், தேன் மிட்டாய், கமர்கட்டு. ஒரு சிறுவன், ஆறு வயது இருக்கலாம், நம் தோளிலே கிடந்த துண்டின் நிறத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்க வந்தான். வந்தவன் சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டான். மூடுவதற்குள் கண்டுவிட்டோம். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரிய கட்டைகள்!

கல்லிலே வெட்டியது 1400 ஆண்டு தாங்கிற்று. மனித உடலிலேயே மிகக் கடினமான பொருள் எலும்பு அல்ல தோழர்களே, பல்லின் மேலே போர்த்தியிருக்கும் எனாமல். அந்தக் கடினப் பொருள் அந்தப் பிள்ளையின் வாயிலே ஐந்தாண்டு தாங்கவில்லை. ஏன்? இதைக் கேட்டால், ‘அரசியல் கட்டுரையாளருக்குப் பல்லிலே என்ன வேலை’ என்பார் சிலர். சொல்லுகிறோம், சொல்லி முடித்த பிறகு, இது அரசியலா அல்லவா என்று அவர்களே தீர்ப்புக் கூறட்டும்.

‘பூச்சி தின்றுவிட்டது’ என்பது நம் ஊர் விடை. சொத்தைப் பல்லுக்குப் பூச்சிப் பல் என்றே பெயர் வைத்துவிட்டோம். பல்லிலிருந்து புழு எடுக்கிறேன் என்று தெருத் தெருவாக வந்தவர்கள், நாணல் குழலிலே முன்கூட்டி ஒளித்து வைத்த புழுவை உள்ளங்கையிலே கொட்டிக் காட்டி, உழைப்பவன் மடியிலிருந்த காசைக் கொண்டு போனார்கள். இந்தப் புழுக் கதை நமக்கு மட்டும் உரியதன்று. பாபிலோனியர் காலத்திலேயே இருந்தது, ஐரோப்பாவிலும் இருந்தது. பிரெஞ்சு நாட்டுப் பல் மருத்துவர் பியர் ஃபோஷார், 1728-ல் வெளியிட்ட தமது நூலிலே, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துத் தேடியும் புழுவைக் காணவில்லை என்று எழுதினார். மில்லர் என்ற அமெரிக்கர், பெர்லின் நகரிலே ஆராய்ந்து, 1890-ல் உண்மையை உடைத்துச் சொன்னார்: புழு இல்லை, வாயிலே வாழும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் சர்க்கரையைத் தின்கின்றன, தின்று அமிலத்தைக் கக்குகின்றன, அந்த அமிலம் எனாமலைக் கரைக்கிறது. அவ்வளவுதான்! கண்ணேறு இல்லை, கர்ம வினை இல்லை, ‘எங்கள் பரம்பரைக்கே பல் சொத்தை’ என்ற தலையெழுத்தும் இல்லை.

இன்னும் ஓர் உண்மை இருக்கிறது, பெரும்பாலோர் அறியாதது. எவ்வளவு சர்க்கரை என்பதைவிட, எத்தனை தடவை என்பதுதான் பல்லைக் கொல்லுகிறது. இனிப்பு ஒன்று வாய்க்குள் போனதும் அமிலம் சுரக்கத் தொடங்கும். பிறகு உமிழ்நீர் வந்து மெல்ல மெல்ல அமிலத்தை முறித்து, கரைந்த சுண்ணச் சத்தைப் பல்லுக்குத் திருப்பித் தரும். இதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். அந்த அரைமணி முடிவதற்குள் அடுத்த மிட்டாய் போனால்? அதற்கடுத்து ஒரு பிஸ்கட் போனால்? உமிழ்நீருக்கு ஓய்வு ஏது! விருந்திலே இலையில் விழுந்த பாயசத்தைச் சோற்றோடு சேர்த்துக் குடித்து எழுகிற பிள்ளைக்கு ஆபத்துக் குறைவு. ஒரே ஒரு லாலிபாப்பைக் காலையிலிருந்து நண்பகல் வரை கன்னத்திலே அடக்கிக்கொண்டு திரியும் பிள்ளைக்கு ஆபத்து மிகுதி.

செஞ்சிக்காரருக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. மண்டகப்பட்டிலிருந்து அதே சாலையிலே மேலும் சென்றால் கண்ணுக்குத் தெரியும் அந்தக் கோட்டை. மூன்று குன்றுகளை மதிலால் இணைத்துக் கட்டியது. சிவாஜியின் மகன் இராசாராம் உள்ளே இருக்க, மொகலாயப் படை 1690-ல் வந்து வளைத்தது. 1698-லேதான் உள்ளே நுழைய முடிந்தது. எட்டாண்டு முற்றுகை! ஒரு நாள் தாக்குதலுக்குக் கோட்டை விழாது. ஓயாத முற்றுகைக்கு விழும். பல்லும் அப்படித்தான். ஒரு வேறுபாடு உண்டு. இடிந்த மதிலைக் கொத்தனார் கட்டிவிடலாம். ஓட்டை விழுந்த எனாமலை உடல் ஒருநாளும் திரும்ப வளர்த்துத் தராது.

இங்கே ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. சுவீடன் நாட்டிலே, விப்பேஹோல்ம் என்ற இடத்திலே, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான அரசு இல்லம் ஒன்று இருந்தது. 1940-களின் பிற்பகுதியிலே, அந்த இல்லத்திலிருந்த ஏதுமறியாதவர்களுக்கு, பல்லிலே ஒட்டிக்கொள்ளும் மிட்டாயை வேண்டுமென்றே கொடுத்துக் கொடுத்துச் சோதித்தார்கள். உணவோடு இனிப்பு உண்டவர் பல் அவ்வளவாகக் கெடவில்லை. உணவுக்கு இடையிடையே ஒட்டும் மிட்டாய் தின்றவர் பற்கள் பாழாய்ப் போயின. 1954-ல் முடிவு வெளியாயிற்று. நாம் மேலே சொன்ன உண்மை அந்தப் பேச்சற்றவர்களின் பற்களை விலையாகக் கொடுத்து வாங்கப்பட்டது. ‘சரியா’ என்று கேட்க அவர்களுக்கு நாவும் இல்லை, நாதியும் இல்லை. அந்தக் கொடுமையை நாம் மன்னிக்கவில்லை. ஆனால் அவ்வளவு பெரிய விலை கொடுத்து உலகம் அறிந்த உண்மையை, எழுபதாண்டு கழித்தும் நம் பெட்டிக்கடை வாயிலுக்குக் கொண்டுவந்து சேர்க்கவில்லையே, அது என்ன நியாயம்?

சேர்க்கவிடாமல் பார்த்துக்கொண்டவர்களும் உண்டு. அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் முதலாளிகளின் 1959 முதல் 1971 வரையிலான உள்ளறைக் கடிதங்களை ஆராய்ச்சியாளர் சிலர் தேடி எடுத்து 2015-ல் வெளியிட்டனர். சர்க்கரை பல்லைக் கெடுக்கும் என்பது முதலாளிகளுக்குத் தெரியும், மறுக்கவில்லை. ஆனால் ‘சர்க்கரையைக் குறை’ என்று அரசு சொல்லிவிடக் கூடாதே! ஆகவே, தடுப்பூசி கண்டுபிடிப்போம், பல்லின் மேல் படியும் கறையைக் கரைக்கும் மருந்து கண்டுபிடிப்போம் என்று ஆராய்ச்சியை வேறு பக்கம் திருப்பினார்கள். 1971-ல் அந்நாட்டு அரசு தொடங்கிய பல் சொத்தை ஒழிப்புத் திட்டத்திலே முதலாளிகள் எழுதிக் கொடுத்ததில் பெரும்பகுதி அப்படியே இடம்பெற்றதாம். அரசின் பேனா, முதலாளியின் மை!

சரி, அமெரிக்காவை விட்டு இந்தியாவுக்கு வருவோம். இந்தியப் பல் மருத்துவக் குழு 2002-03-ல் நாடு முழுவதும் நடத்திய கணக்கெடுப்பிலே, 5 வயதுக் குழந்தைகளில் 100-க்கு 52 பேருக்கும், 12 வயதில் 54 பேருக்கும், 15 வயதில் 63 பேருக்கும் சொத்தைப் பல் இருந்தது. பாதிக்கு மேல்! வகுப்பறையிலே இரண்டு பிள்ளைகள் அருகருகே அமர்ந்திருந்தால் அவர்களில் ஒருவனுக்குச் சொத்தை. பல்வலியோடு படுத்த பிள்ளை இரவெல்லாம் உறங்காது. உறங்காத பிள்ளை மறுநாள் பாடத்தில் என்ன கேட்கும்? கடித்து உண்ண முடியாத பிள்ளைக்குச் சதை எப்படிப் பிடிக்கும்? அந்தப் பிள்ளையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளிலே தாய்க்கோ தந்தைக்கோ கூலி இல்லை. பணக்காரன் வீட்டுப் பல் வலித்தால் பல் போகும். ஏழை வீட்டுப் பல் வலித்தால் பல்லோடு அன்றைய சோறும் போகும்.

‘தாய் கவனிக்கவில்லை’ என்று எளிதாகக் கூறிவிடுவார்கள் மேசைக்குப் பின்னால் அமர்ந்தவர்கள். விடியுமுன் நாற்று நடப் போகும் தாய், அழும் பிள்ளையின் கையிலே இரண்டு பிஸ்கட்டைத் திணித்துவிட்டு ஓடுகிறாள். அது அலட்சியம் அல்ல ஐயா, அவளுக்குக் கிடைத்த நேரம் அவ்வளவு! குற்றவாளியைத் தேடுவதானால் இன்னும் கொஞ்சம் மேலே பார்ப்போம்.

2021-ல் உலக நல நிறுவனம், இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலே ஃபுளோரைடு கலந்த பற்பசையைச் சேர்த்தது. அழகுப் பொருளாக அல்ல, மருந்தாக! காரணம், ஃபுளோரைடு எனாமலிலே படிந்து அமிலத்தை எதிர்த்து நிற்கச் செய்கிறது. ஓட்டை விழுவதற்கு முந்திய வெண்புள்ளி நிலையிலே இருந்தால் பல்லை மீட்டும் தருகிறது. உலகம் மருந்து என்று சொன்ன அந்தப் பொருளுக்கு, 2017 சூலையில் சரக்கு சேவை வரி வந்த நாளிலிருந்து டில்லி போட்ட வரி 100-க்கு 18. பல் பொடிக்கு 12. கூலிக்காரன் தன் பிள்ளை பல் விளக்க வாங்கிய ஒவ்வொரு குழாய்க்கும் டில்லிக் கருவூலத்துக்குக் கப்பம் கட்டினான். எத்தனை ஆண்டு? 2025 செப்டம்பர் 22 வரை, எட்டாண்டு! செஞ்சி முற்றுகையும் எட்டாண்டு, செஞ்சிப் பிள்ளைகளின் பற்பசை மீது நடந்த முற்றுகையும் எட்டாண்டு.

அன்று குறைத்தார்கள். பற்பசை, பல் பொடி, பிரஷ், எல்லாவற்றுக்கும் 5. நல்லது, நல்லதை நல்லது என்றே சொல்லுவோம். ஆனால் அதே நாளிலே, அதே அறிவிப்பிலே, சர்க்கரை மிட்டாய்க்கும் 5, சாக்லேட்டுக்கும் 5, பிஸ்கட்டுக்கும் 5! காற்றடைத்த குளிர்பானத்துக்கு 40 என்று வைத்தவர்கள், பழச்சாற்றுப் பானம் என்று பெயர் சூட்டிக்கொண்ட இனிப்புத் தண்ணீருக்கு 12-ஐ 5 ஆக்கினார்கள். பல்லைக் காப்பதற்கும் ஐந்து, பல்லைக் கெடுப்பதற்கும் ஐந்து. சமநீதி! கத்திக்கும் கட்டுத் துணிக்கும் ஒரே விலை. டில்லியிலே அமர்ந்திருப்போருக்குத் தராசு பிடிக்கத் தெரியும். எதை எந்தத் தட்டில் வைப்பது என்பதுதான் தெரியவில்லை.

வரியால் பல்லைக் காக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு இங்கிலாந்தைக் காட்டுகிறோம். 2018 ஏப்ரலில் அந்நாடு இனிப்புக் குளிர்பானங்கள் மீது, சர்க்கரையின் அளவுக்கு ஏற்ப வரி விதித்தது. கம்பெனிகள் என்ன செய்தன? வரிக்கு அஞ்சிச் சர்க்கரையைக் குறைத்தன. 2023-ல் வெளிவந்த ஆய்வொன்று, சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 18 வயது வரையிலான பிள்ளைகளின் எண்ணிக்கை, வரி இல்லாதிருந்தால் இருந்திருக்கக் கூடியதைவிட 100-க்கு 12 குறைந்ததாகக் கணக்கிட்டது. குறைவு மிகுதியாகத் தெரிந்தது சின்னஞ்சிறு குழந்தைகளிடையே!

விழுப்புரத்துக்காரர்களுக்கு இதிலே ஒரு சங்கடம் உண்டு என்பதை மறைக்கவில்லை. கரும்பு விளையும் மாவட்டம் இது. முண்டியம்பாக்கத்திலே சர்க்கரை ஆலை இருக்கிறது. அதே முண்டியம்பாக்கத்திலே 2010-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஒரே ஊரிலே சர்க்கரையும் சிகிச்சையும்! சர்க்கரைக்கு எதிராகப் பேசினால் கரும்பு வெட்டும் தோழன் வயிற்றில் அடிப்பதாகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. கரும்பு விலையை நிலுவை வைப்பவனும், வெட்டுக் கூலியை இழுத்தடிப்பவனும்தான் அவன் வயிற்றிலே அடிப்பவன். சொத்தைப் பல்லோடு அலறும் தன் மகன், ஆலை ஓடுவதற்காக அலறட்டும் என்று எந்தத் தோழனும் சொல்லமாட்டான்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம், நம் நம்பிக்கை அங்கேதான். 1920-ல் சென்னை மாநகராட்சி, தியாகராயர் தலைமையிலே, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு உணவு தரத் தொடங்கியது. 1956-ல் காமராசர் அதை மாநிலம் தழுவியதாக்கினார். 1982-ல் சத்துணவு. 2022 செப்டம்பர் 15-ல் காலை உணவு. 2023 ஆகத்து 25-ல் அது அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. நூறாண்டாகப் பிள்ளையின் வாய்க்குச் சோறு தேடிக் கொடுத்த நாடு இது. அந்த வாய்க்குள்ளே இருக்கும் பல்லை மட்டும் மறப்பானேன்? 2023 மார்ச்சிலே ‘புன்னகை’ என்ற பெயரில் பள்ளிச் சிறார் பல் பாதுகாப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. வரவேற்றோம். ஆனால் பல்லைப் பார்த்துச் சொத்தை இருக்கிறது என்று சீட்டு எழுதுவது வேறு; சொத்தை வராமல் தடுப்பது வேறு.

தடுப்பது எப்படி என்பதற்கு ஸ்காட்லாந்து வழி காட்டியிருக்கிறது. மழலையர் பள்ளிகளிலே, ஆசிரியர் பார்த்திருக்க, நாள்தோறும் பிள்ளைகள் ஃபுளோரைடு பற்பசையால் பல் விளக்குகிறார்கள். வேறு மந்திரம் ஏதும் இல்லை. அங்கே தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பிலே, கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாத பிள்ளைகள் 2003-ல் 100-க்கு 45 பேர். 2020-ல் 74 பேர். நம்மிடமோ அடுப்பும் தயார், தட்டும் தயார், காலையிலே பிள்ளைகள் வரிசையாக அமரும் இடமும் தயார். பொங்கலும் உப்புமாவும் உண்டு முடித்ததும், பெயர் எழுதிய ஒரு பிரஷ், பட்டாணி அளவு பசை, இரண்டு மணித்துளி. இதைக் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

முதல் வகுப்பிலேயே தொடங்கவேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. ஆறு வயதையொட்டி, பால்பல் வரிசைக்குப் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே, கீழும் மேலுமாக நான்கு கடைவாய்ப் பற்கள் முளைக்கும். எதுவும் விழாமல் வந்ததால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணிவிடுகிறார்கள். ‘விழுந்துவிடப் போகிற பல்தானே’ என்கிறார்கள். விழாது! அறுபது வயது வரை சோறு மெல்ல வேண்டிய பல் அது. ஆழமான பள்ளங்கள் கொண்டது. சீக்கிரம் சொத்தையாவதும் அதுதான். ஆகவே உங்கள் வீட்டு ஆறு வயதுப் பிள்ளையை இன்றே வெளிச்சத்திலே நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கடைசியிலே எட்டிப் பார்க்கும் அந்த வெள்ளைப் பல்லைக் காட்டி, இது உனக்கு ஆயுள் சொத்து என்று சொல்லுங்கள். பால்பல்லும் சும்மா விடத் தக்கதன்று. அது காலத்துக்கு முன் விழுந்தால் பின்னால் வரும் பல் இடம் மாறி முளைக்கும். விழுந்த பல்லைச் சாணியிலே உருட்டிக் கூரைமேல் எறிவதிலே காட்டுகிற அக்கறையை, அது வாயிலே இருக்கும்போதே காட்டலாமே!

வீட்டிலே செய்ய வேண்டியவை அதிகமில்லை. முதற் பல் முளைத்த நாளே துலக்கத் தொடங்குக. மூன்று வயதுக்குள் அரிசி மணி அளவு பசை. அதற்கு மேல் பட்டாணி அளவு. விழுங்காமல் துப்பட்டும், துப்பிய பிறகு குடம் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டியதில்லை. காலை ஒரு முறை. இரவு படுக்குமுன் ஒரு முறை. இரவுதான் முக்கியம், உறக்கத்திலே உமிழ்நீர் குறையும். சர்க்கரை கலந்த பால் புட்டியை வாயிலே வைத்தபடி குழந்தையைத் தூங்கவிடுவது பல்லுக்கு வைக்கும் கொள்ளி. நாம் கண்ட அந்தச் சிறுவனின் முன்பற்கள் போனதும் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் இருக்கவேண்டும். பசை வாங்கும்போது உறையிலே ஃபுளோரைடு என்ற சொல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். மூலிகைப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வேப்பங்குச்சி அழுக்கை எடுக்கும், ஆனால் ஃபுளோரைடு அதில் இல்லை. கரித்தூளும் செங்கல் தூளும் வேண்டவே வேண்டா. மகேந்திரவர்மன் செங்கல் இன்றிக் கோயிலே எழுப்பினான், நம்மால் செங்கல் இன்றிப் பல் விளக்க முடியாதா? தருமபுரி, கிருட்டிணகிரிப் பக்கம் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுந்து பல்லிலே மஞ்சள் கறை படிவதுண்டு. அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அங்குள்ளோர் மருத்துவரைக் கேட்டுச் செய்க. வெல்லம், தேன், கருப்பட்டி நல்லதுதானே என்போருக்கு: கிருமிக்கு அந்த வேற்றுமை தெரியாது. மேற்பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்று அஞ்சி, சீழ் பிடித்த பல்லோடு அலைவோருக்கு: கண்ணுக்கும் அந்தப் பல்லுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை; ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

இறுதியாக நம் வீட்டுக் குப்பை. டில்லியைத் திட்டினோம், அமெரிக்க முதலாளியைத் திட்டினோம்; நாம் யோக்கியமா? தலைவர் பிறந்த நாள் வந்தால் நாம் செய்வது என்ன? கொடியேற்றுவோம், ஏற்றியதும் மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துத் தெருப் பிள்ளைகளை அழைப்போம். தேர்தலில் வென்றாலும் மிட்டாய், தோற்ற தொகுதியிலே வாக்கு கூடினாலும் மிட்டாய்! இருபதாண்டாக நாமே நம் கையால் வழங்கியிருக்கிறோம், ஒளிவு மறைவில்லாமல் ஒப்புக்கொள்கிறோம். மண்டகப்பட்டுச் சிறுவன் நம் துண்டைப் பார்த்ததும் ஓடி வந்தானே, ஏன் வந்தான்? இந்த நிறத் துண்டுக்காரர் பையிலே மிட்டாய் இருக்கும் என்றுதான் வந்தான்! நம் வரலாற்றிலே அவனுக்குத் தெரிந்த பக்கம் அதுதான். நாம் வெட்கினோம்.

வறுத்த வேர்க்கடலை இருக்கிறது, கொய்யா இருக்கிறது, வாழைப்பழம் இருக்கிறது. ஒரு மிட்டாய்ப் பெட்டிக்கு ஆகும் பணத்திலே எத்தனை பிரஷ் வாங்கலாம் என்று விழுப்புரம் மொத்தக் கடையிலே கேட்டு, கணக்குப் போட்டு, செஞ்சி வட்டாரத்துத் தோழர் ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். அடுத்த மாதம் அவர் ஊரிலே கொடியேற்று விழா. செலவுச் சீட்டிலே மிட்டாய் என்ற வரியை அடித்துவிட்டு பிரஷ், பேஸ்ட் என்று எழுதும்படி கேட்டிருந்தோம். பதில் வந்தது: ‘அண்ணே, பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்களே?’ கோபிக்கட்டும் தம்பி, பாதிக் காசுக்குக் கடலை வாங்கி வை, கொடியேற்றுக்கு நாமே வருகிறோம் என்று எழுதிவிட்டோம்.